புல்வெளிக்கு எப்போது பசிக்கும்?

மெக்கானிக்கல், சிவில், இசிஇ என்று நீங்கள் எந்தத் துறையாக இருந்தாலும் சரி, தினமும் கடந்து போகிற, ஆனால் ஒரு தடவை கூட உற்றுப் பார்க்காத ஒரு சிஸ்டம் உங்கள் கல்லூரியில் இருக்கிறது. மெயின் பிளாக் முன்னால் இருக்கும் புல்வெளிதான் அது. பிப்ரவரி, மார்ச் வந்தால் ஆண்டு விழா, சிம்போசியம், பட்டமளிப்பு விழா என்று வரிசையாக நிகழ்ச்சிகள். அப்போதுதான் எல்லாருக்கும் அந்தப் புல் ஞாபகத்துக்கு வரும். "கொஞ்சம் பச்சையா ஆக்குங்கப்பா" என்று என்எஸ்எஸ் பசங்களிடமோ தோட்டக்கார அண்ணனிடமோ சொல்வார்கள். உடனே ஒரு மூட்டை யூரியா வரும். கையால் அள்ளி வீசுவார்கள். பத்து நாளில் புல் பச்சையாகவும் இருக்கும், நடுநடுவே கருகிய வட்டங்களும் இருக்கும். ஏப்ரலில் தண்ணீர் பற்றாக்குறை வந்ததும் மொத்தமும் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கடினமான கணக்கு இல்லை. பத்தாம் வகுப்பு சதவீதம் தெரிந்தால் போதும். அதோடு கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் மண் இயக்கவியல். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யூடியூப் சொல்லும் வசந்தம் யாருடையது?

புல்வெளி பராமரிப்பு என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. "மார்ச் கடைசியில் முதல் உரம் போடுங்கள், பாசியைச் சுரண்டி எடுங்கள், சுண்ணாம்பு தூவுங்கள், வெற்று இடத்தில் ரை கிராஸ் விதை போடுங்கள்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது தப்பே இல்லை. அவர்கள் ஊருக்கு அது சரி.

அங்கே வளர்வது ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்காலப் புல் வகைகள். தாவரவியல் கணக்கில் இவை சி3 வகை. மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் வரை இவை ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் மண் சூடேறும்போது கண் விழிக்கும். குளிர்கால மழையில் மண்ணில் இருந்த தழைச்சத்து கரைந்து கீழே போயிருக்கும், மண் நுண்ணுயிரிகளும் இன்னும் சுறுசுறுப்பாகியிருக்காது. அதாவது, புல்லுக்குப் பசி வந்துவிட்டது, சமையல் இன்னும் ஆகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வசந்தகால உரம். குளிரும் ஈரமும் நிழலும் சேர்ந்தால் பாசி வரும், அதனால்தான் சுரண்டுகிறார்கள். மழையில் மண் அமிலமாகும் இடங்களில் சுண்ணாம்பு தூவுகிறார்கள். எல்லாத்துக்கும் காரணம் இருக்கு பாருங்க.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சின்னத் தகவல். புல்வெட்டும் இயந்திரத்தை 1830-இல் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் மில் இயந்திரத்தைப் பார்த்து, அதே சுழலும் கத்தியைப் புல்லுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன் அரிவாளும் ஆடுகளும்தான். இன்று நம் கல்லூரி ஷெட்டில் நிற்கிற உருளை மோவரும் அந்தக் கம்பளி மில்லின் பேரப்பிள்ளைதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நம் புல் ஒரு பழைய நண்பர்

நம் கல்லூரிகளில் அதிகம் இருப்பது பெர்முடா புல். பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்தான் அது. மைதானங்களுக்கும் நர்சரிகளுக்கும் வருபவை அதன் தேர்ந்தெடுத்த ரகங்கள் அல்லது அருகோடு இன்னொரு இனத்தைச் சேர்த்த கலப்பினங்கள். கல்யாண வீட்டில் பெரியவர்கள் "அருகு போல் வேரூன்றி" என்று வாழ்த்துவதில் அசல் தாவரவியல் இருக்கிறது. இந்தப் புல் தரைக்கு மேல் ஓடும் கொடியாலும் பரவும், தரைக்கு அடியில் ஓடும் தண்டாலும் பரவும். கணுவுக்குக் கணு வேர் விடும். மேலே எல்லாம் காய்ந்து போனாலும் அடியில் உள்ள தண்டு உயிரோடு காத்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அருகு சி4 வகை. கரும்பு, மக்காச்சோளம் போல வெயிலை விரும்பும். 27 முதல் 35 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். டெல்லி மாதிரி ஊர்களில் குளிர்காலத்தில் பழுப்பாகி, மார்ச்சில் திரும்பவும் துளிர்க்கும். நம் சமவெளியில் அந்த அளவு குளிர் இல்லை. மார்கழி, தை இரவுகளில் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். தமிழ் மாதக் கணக்கிலும் பாருங்க: மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம். சித்திரை, வைகாசிதான் இளவேனில். மார்ச் மாதத்தை வசந்தம் என்று சொல்வது நாம் கடன் வாங்கிய வழக்கம்.

அப்படியென்றால் மார்ச்சில் உரம் தேவையே இல்லையா? தேவை இருக்கலாம், ஆனால் காரணம் வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த வடகிழக்குப் பருவமழை மண்ணின் தழைச்சத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். தை கடைசியில் வெப்பம் ஏறத் தொடங்கும்போது புல் வளரத் தயாராகும், மண்ணின் அடியில் மழை ஈரமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆகவே தை கடைசியிலிருந்து மாசி வரை, அதாவது பிப்ரவரி முழுவதும் மார்ச் தொடக்கமும், நமக்கான ஜன்னல். ஏப்ரலில் அது மூடிவிடும்.

ஊட்டி நண்பர்கள் இதில் விதிவிலக்கு. அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகும். மலையில் பரவலாக இருக்கும் கிக்கூயூ புல் வெயில் ஏறியதும் துளிர்க்கும். 1848-இல் அமைக்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவின் சரிவுகளைப் பார்த்தால் யூடியூப் வசந்தத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பது எது என்று புரியும். கோயம்புத்தூருக்கு இறங்கியதும் அந்தக் காலண்டர் செல்லாது.

இன்னொன்று. ரை கிராஸ் விதையை ஆன்லைனில் வாங்கி மார்ச்சில் நம் சமவெளியில் தூவினால், முளைக்கும், அழகாகவும் இருக்கும், வெயில் ஏற ஏறச் செத்துப்போகும். சுண்ணாம்பும் வேண்டாம். நம்மூரில் பல இடங்களில் மண்ணே காரத்தன்மை உடையது, போர்வெல் தண்ணீரும் கடினத்தன்மை உடையது. ஏற்கெனவே ஏறியிருக்கும் பி.எச்-ஐ இன்னும் ஏற்றிவிட்டால் அடுத்த பிரச்சினை தொடங்கும்.

மஞ்சளா இருக்கா? எந்த இலை மஞ்சள்?

மஞ்சளான புல்லைப் பார்த்ததும் யூரியா என்று முடிவு கட்டாதீங்க. குனிந்து ஒரு தண்டைப் பிடுங்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை முதலில் வெளுத்து, நுனியில் உள்ள புது இலை பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறைபாடு. நைட்ரஜன் செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். மாறாக, புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்து, பழைய இலை நன்றாக இருந்தால் அது இரும்புக் குறைபாடு. இரும்பு அப்படி நகராது. காரமண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலையில்தான் இது அதிகம் வரும். இதற்கு யூரியாவைக் கொட்டினால் பிரச்சினை தீராது, இன்னும் வேகமாக வளர்ந்து இன்னும் வெளுக்கும்.

இரும்புக்கு மருந்து நாட்டு மருந்துக் கடைக்காரருக்கே தெரிந்த பொருள்: அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். சில நாட்களில் நிறம் மாறுவது தெரியும். பக்கத்தில் உள்ள சிமெண்ட் நடைபாதையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை பிடித்தால் லேசில் போகாது.

சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை செய்துவிடலாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் மாவட்டந்தோறும் உண்டு. புல்வெளியில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 10 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். சிவில் மாணவர்கள் ஜல்லி, மணல் சோதனைக்கு ஆய்வகத்தில் செய்யும் அதே முறைதான். உரம் போட்ட பிறகு மண் எடுத்தால் முடிவு பொய் சொல்லும், முன்னாடியே எடுக்கணும்.

மூட்டை மேல் மூன்று எண்கள்

உர மூட்டையில் 17-17-17, 18-46-0 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் தழைச்சத்து, அடுத்தது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. எல்லாம் எடையில் சதவீதம். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் எண் தனி நைட்ரஜனின் அளவு. இரண்டாவது எண் தனி பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது. மூன்றாவது பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டது. உள்ளே அந்த ஆக்சைடுகளே இருக்கின்றன என்று அர்த்தமில்லை, பழைய வேதியியலாளர்கள் விட்டுச் சென்ற வழக்கம். உண்மையான பாஸ்பரஸ் வேண்டுமென்றால் 0.44-ஆலும், பொட்டாசியம் வேண்டுமென்றால் 0.83-ஆலும் பெருக்கணும்.

யூரியாவுக்கு 46-0-0. அதன் மூலக்கூறு எடை 60. அதில் நைட்ரஜன் 28. வகுத்துப் பாருங்க, 46 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இப்போது நம் புல்வெளி. 20 மீட்டருக்கு 30 மீட்டர், ஆக 600 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வளரும் பெர்முடா புல்லுக்கு ஒரு தவணைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்பது உலகெங்கும் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் உச்ச அளவு. 600-ஐ 5-ஆல் பெருக்கினால் 3 கிலோ நைட்ரஜன். யூரியாவாகக் கொடுத்தால் 3-ஐ 0.46-ஆல் வகுக்க, ஆறரைக் கிலோ. இப்போது கடையில் வரும் யூரியா மூட்டை 45 கிலோ. ஒரு மூட்டையை முழுசாக இந்தப் புல்வெளியில் கொட்டினால், தேவையைப் போல ஏழு மடங்கு! முதல் பத்தியில் சொன்ன கருகல் வட்டங்களின் காரணம் இதுதான்.

அதே 3 கிலோவை 17-17-17-ஆகக் கொடுத்தால் சுமார் 17.6 கிலோ. ஆனால் புல் எடுத்துக்கொள்ளும் விகிதம் சமமானது இல்லை. நைட்ரஜன் அதிகம், பொட்டாசியம் ஓரளவு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. வருஷா வருஷம் 17-17-17 போடும் பழைய புல்வெளியில் மணிச்சத்து சும்மா சேர்ந்துகொண்டே போகும். 18-46-0 என்கிற டிஏபி புதிதாகப் புல் பதிக்கும்போது உதவலாம், பத்து வருஷப் புல்வெளிக்கு அது வீண் செலவு.

மண்புழு உரம்? நல்லதுதான். நைட்ரஜன் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 3 கிலோவுக்கு 200 கிலோ வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் கிடைக்கும். வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம் என்றால் 60 கிலோ. என் கருத்தில், கையாளும் அனுபவம் இல்லாத மாணவர் குழு பாதி நைட்ரஜனை யூரியாவிலும் மீதியைச் சலித்த மண்புழு உரத்திலும் கொடுப்பது நல்லது. யூரியா மூன்றேகால் கிலோ, மண்புழு உரம் 100 கிலோ. தப்பு நடந்தாலும் புல் பிழைத்துக்கொள்ளும். கொரியன் கிராஸ் என்று நர்சரியில் விற்கும் சோய்சியா வகை மெதுவாக வளர்வது. அதற்கு இதிலும் பாதி போதும்.

தூவுவதில்தான் எல்லாம் இருக்கு

மூன்றேகால் கிலோவை 600 சதுர மீட்டரில் கையால் சமமாகத் தூவுவது கடினம். நாலைந்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்துகொள்ளுங்கள். கலவையை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காக நடந்தும் மறு பாதியைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவுங்கள். ஒரு திசையில் விட்டுப்போனதை மறு திசை சரிக்கட்டும்.

இலை காய்ந்திருக்க வேண்டும். பனி ஈரத்தோடு தூவினால் குருணை இலையில் ஒட்டிக் கரையும். அந்த அடர்த்தியான கரைசல் இலையின் நீரையே சவ்வூடு பரவலால் வெளியே இழுத்துவிடும். கருகல் என்பது அதுதான், நெருப்பு இல்லாத சூடு.

தூவி முடித்ததும் தண்ணீர் விட வேண்டும், நாளைக்கு அல்ல, அன்றைக்கே. மண்ணிலும் காய்ந்த புல் சருகிலும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். இது மண்ணுக்குள் நடந்தால் அம்மோனியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பிலேயே நடந்தால் வாயுவாகக் காற்றில் போய்விடும். வெப்பமும் காரமண்ணும் லேசான ஈரமும் சேர்ந்தால் இழப்பு அதிகம், நம் மார்ச் மாதத்துக்கு இவை மூன்றுமே பொருந்தும். இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கும், ஆவியாகிப் போவதைத் தடுக்காது. எனவே "வேப்பம் யூரியாதானே, அப்புறம் தண்ணி விட்டுக்கலாம்" என்ற சமாதானம் செல்லாது.

எவ்வளவு தண்ணீர்? 6 மி.மீ. போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் ஒரு லிட்டர் என்பதை மனதில் வைத்தால் எல்லாக் கணக்கும் எளிது. 600 சதுர மீட்டருக்கு 3,600 லிட்டர். ஸ்பிரிங்க்ளரை எத்தனை நிமிடம் ஓட்டணும் என்று தெரியவில்லையா? கேண்டீனில் ஒரே அளவான பத்து டப்பாக்களை வாங்கி, புல்வெளியில் ஆங்காங்கே வைத்து, கால் மணி நேரம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு டப்பாவில் 2 மி.மீ., இன்னொன்றில் 7 மி.மீ. என்று இருந்தால், உங்கள் புல்வெளியின் திட்டுத் திட்டான நிறத்துக்கு உரம் காரணமில்லை, அடைத்துப்போன நாசில்தான் காரணம்.

தேவைக்கு மேல் தண்ணீர் விட்டால் வேறு ஆபத்து. நைட்ரேட் எந்த மண் துகளோடும் ஒட்டாது. தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும், வேரைத் தாண்டினால் நிலத்தடி நீருக்கும் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மோசமான நிலையை மட்டும் கணக்குப் பார்ப்போம்: 3 கிலோ நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாகி இறங்கினால் அது 13 கிலோவுக்கு மேல். சுத்தமான தண்ணீரில் கலந்தால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் லிட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். நடைமுறையில் முழுவதும் இறங்காது. ஆனால் அந்த ஏழு மடங்கு மூட்டை? ஹாஸ்டல் போர்வெல் அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

தூவும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உரம் என்பது தண்ணீருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். பிப்ரவரியில் போட்ட நைட்ரஜன் இலையை வளர்க்கும். அதிக இலை அதிக நீரை ஆவியாக்கும், அடிக்கடி வெட்டச் சொல்லும், வேருக்குப் போக வேண்டிய மாவுச்சத்தையும் இலைக்கே இழுத்துக்கொள்ளும். கடனை அடைக்க வேண்டியது ஏப்ரலில்.

நம் சமவெளியில் மார்ச், ஏப்ரலில் நீராவிப்போக்கின் அடிப்படை அளவு ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 6 மி.மீ. பெர்முடா புல் அதில் மூன்றில் இரண்டு பங்கு பயன்படுத்தும் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 4 மி.மீ. நம் புல்வெளிக்கு ஒரு நாளைக்கு 2,400 லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. வகுத்தால் கிட்டத்தட்ட 18 பேர். உங்கள் ஹாஸ்டலில் ஒரு விங்கின் முழுத் தண்ணீர்.

ஆகவே முதலில் கேளுங்கள்: போன ஏப்ரலில் காம்பஸில் டேங்கர் லாரி வந்ததா? வந்தது என்றால், இந்த வசந்தத்தில் நைட்ரஜனே போடாதீர்கள். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து குறைவு என்று வந்தால் அதை மட்டும் கொடுக்கலாம், வறட்சியைத் தாங்க உதவும். புல் பழுப்பாகும், ஆகட்டும். அடியில் ஓடும் தண்டு உயிரோடு காத்திருக்கும் என்று முன்னால் சொன்னேன் இல்லையா? மழை வந்ததும் அருகு திரும்ப எழும். உரத்தை அப்போது கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஆண்டு விழா போட்டோவுக்குப் பின்னணி பச்சையாக இருக்காது என்று யாராவது வருத்தப்பட்டால், இந்த 18 பேர் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டுங்கள்.

எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த நீர் தாராளமாக இருக்கிறதா? அப்போது நிலைமை வேறு. ஆனால் அந்த நீரிலேயே கொஞ்சம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கும், நிறைய உப்பும் இருக்கும். உர அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பு வேர்ப் பகுதியில் தங்காமல் இருக்க, எப்போதாவது நல்ல தண்ணீரோ மழையோ கழுவிவிட வேண்டும்.

தினமும் நாலு மி.மீ. தெளிப்பதைவிட மூன்று நாளைக்கு ஒரு தடவை 12 மி.மீ. விடுவது மேல். மணல் கலந்த செம்மண்ணில் அது சுமார் 10 செ.மீ. ஆழம் வரை போகும். வேரும் ஈரத்தைத் தேடி அங்கே போகும். தினமும் மேலே நனைத்தால் வேர் மேலேயே சோம்பேறியாக உட்கார்ந்துவிடும். விடியற்காலையில் விடுங்கள். மதியம் ஒரு மணிக்கு ஸ்பிரிங்க்ளர் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கையைப் பிசையத் தோன்றும்.

வெட்டுவது பற்றி நாலு வரி. ஒரே தடவையில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பெர்முடா புல்லுக்கு இரண்டரை முதல் நாலு செ.மீ. உயரம் சரி, வெயில் ஏற ஏற நாலு பக்கம் போங்கள். மொட்டை அடித்தால் மண்ணில் வெயில் நேரடியாக விழும், கோரை முளைக்கும். கோரையை இழுத்துப் பிடுங்கினால் மேலே உள்ளது மட்டும்தான் வரும். கிழங்கு உள்ளேயே இருந்து அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். ஈரமான மண்ணில் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. வெட்டிய புல்லைக் குப்பையில் கொட்டாமல் அப்படியே விட்டால், அதில் உள்ள நைட்ரஜன் திரும்ப மண்ணுக்குப் போகும். வருடத் தேவையில் கால் பங்கு வரை இதிலேயே கிடைக்கும்.

கேண்டீனுக்குப் போகும் குறுக்கு வழி

எல்லாப் புல்வெளியிலும் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கும். பெரும்பாலும் கேண்டீன் பக்கம்தான் போகும்! அந்தப் பாதையில் எவ்வளவு உரம் போட்டாலும் புல் வராது. பசி இல்லை அங்கே, மூச்சுத் திணறல்.

ப்ராக்டர் சோதனை ஞாபகம் இருக்கா? குறிப்பிட்ட ஈரப்பதத்தில் மண்ணை இடித்தால் அதிகபட்ச அடர்த்தி கிடைக்கும். ரோடு போடுபவர்களுக்கு அது வரம், புல்லுக்குச் சாபம். தண்ணீர் விட்டுச் சில மணி நேரம் கழித்து, மண் அந்த உகந்த ஈரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது நானூறு பேர் நடந்தால், நீங்களே ஒரு ப்ராக்டர் சுத்தியல். மண்ணின் துளைகள் மூடி, காற்றும் நீரும் உள்ளே போகாது.

இதற்கு மருந்து, அடர்த்தியான இடத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு, ஒரு சாண் இடைவெளியில் துளை போடுவது. உள்ளீடற்ற குழாயால் மண்ணை வெளியே எடுத்தால் சிறப்பு. மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் அரை இஞ்ச் ஜிஐ குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, மிதிக்க ஒரு குறுக்குக் கம்பி வெல்டு செய்தால் ஒரு மதியத்தில் கருவி ரெடி. துளை போட்டதும் சலித்த மண்புழு உரத்தை 3 மி.மீ. தடிமனுக்குப் பரப்பிக் கூட்டிவிடுங்கள், துளைக்குள் இறங்கிவிடும். உரம் தூவும் முன் இதைச் செய்தால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர் போதும். அதற்கப்புறமும் பசங்க அங்கேதான் நடப்பார்கள் என்றால், போர்டு வைத்துச் சண்டை போடாமல் அந்த இடத்தில் கல் பதித்துப் பாதையாக்கிவிடுவது நல்லது. பாதை எங்கே வேண்டும் என்று கால்கள் ஏற்கெனவே டிசைன் போட்டுக் கொடுத்துவிட்டன.

இசிஇ நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு குழு ஃபைனல் இயர் புராஜெக்ட்டாக ‘ஸ்மார்ட் இரிகேஷன்’ செய்யும். ஆர்டுயினோ, ரிலே, இரண்டு கால் உள்ள மலிவான மண் ஈர சென்சார். அந்த சென்சார் அளப்பது ஈரத்தை அல்ல, மின்தடையை. உரம் போட்ட மறுநாள் மண் நீரில் அயனிகள் அதிகமாகும், தடை குறையும், சென்சார் "ஈரமா இருக்கு" என்று சொல்லும், பம்ப் ஓடாது. கூடுதல் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் புல் காயும். உப்பு அதிகமான போர்வெல் நீரிலும் இதே கதை. போதாததற்கு, தொடர்ந்து நேர் மின்னோட்டம் கொடுத்தால் மின்னாற்பகுப்பில் அந்தக் கால்களே சில வாரங்களில் அரித்துப் போகும். கெப்பாசிட்டிவ் வகை சென்சார் வாங்குங்கள், உங்கள் புல்வெளி மண்ணிலேயே, காய்ந்த நிலையிலும் முழுதாக நனைந்த நிலையிலும் அளந்து அளவீடு செய்யுங்கள். வைவாவில் இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாக, நேரம் பற்றி. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் மண் சோதனை முடிவு கையில் இருந்தால், மூன்றாவது வாரம் துளையிடுதல், அதே வாரம் உரம் என்று முடித்துவிடலாம். யூரியாவின் இரண்டாவது தவணை தேவையா என்பதை ஐந்தாறு வாரம் கழித்து, பழைய இலையின் நிறத்தையும் சம்பில் உள்ள தண்ணீர் மட்டத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சம்ப் பாதிக்குக் கீழே இருந்தால் மூட்டையைக் கட்டி ஷெட்டில் வைத்துவிடுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், ஆகவே வாயை இறுக்கக் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஜூன் மழைக்கு உதவும்.